36 கொண்டை ஊசி வளைவு: ஏறினால் இன்பப் பயணம், இறங்கினால் எமன் வாசல்!
ஊட்டி - கூடலூர் - மசினகுடி - கல்லட்டி: ஒரே நாளில் சுற்றிவர ஒரு மலைப்பாதை

ஊட்டிக்குப் போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா. அதோடு வர்க்கி பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் ஊட்டியில் இருந்து காலையில் கிளம்பி, மலை இறங்கி, காட்டைக் கடந்து, மறுபடி மலை ஏறி, பொழுது சாயுமுன் ஊட்டிக்கே வந்து சேர ஒரு வட்டப்பாதை இருக்கிறது. தூரம் சுமார் 100 கிலோ மீட்டர். நிற்காமல் ஓட்டினால் 4 மணி நேரம். நின்று, பார்த்து, சாப்பிட்டுப் போனால் ஒரு பகல் முழுக்க வேண்டும்.

புல்வெளி, பைன் மரம், தேயிலை, மழைக்காடு, முள்காடு, யானை. அத்தனையும் ஒரே பகலில்!

ஆனால் ஒன்று. இந்த வட்டத்தை ஒரு பக்கமாகத்தான் சுற்றவேண்டும். கூடலூர் வழியாக இறங்கி, கல்லட்டி வழியாக ஏற வேண்டும். மாற்றிச் சுற்றினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது.

2 நாள் கிடந்த கார்

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கம். சென்னையில் இருந்து 7 பேர் ஒரே காரில் ஊட்டிக்கு வந்தார்கள். லாட்ஜில் அறை எடுத்தார்கள். மசினகுடிப் பக்கம் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். கல்லட்டி மலைப்பாதையில் கார் இறங்கியது.

போனவர்கள் திரும்பவில்லை.

தேடல் தொடங்கியது. 2 நாள் கழித்துத்தான் கார் கண்ணில் பட்டது. ரோட்டில் இருந்து உருண்டு, பள்ளத்தில், புதருக்குள் நொறுங்கிக் கிடந்தது. 5 பேர் பிணமாக மீட்கப்பட்டார்கள். 2 பேருக்கு உயிர் இருந்தது. செத்தவர்களின் நடுவே 2 நாள் கிடந்திருக்கிறார்கள்!

மேலே ரோட்டில் அந்த 2 நாளும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாதை அப்படி. ஓரத்துக்கு அந்தப்புறம் என்ன கிடக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்தப் பாதையில் அதற்கு முன்பும் வண்டிகள் உருண்டிருக்கின்றன. ஆனால் இந்த விபத்துதான் எல்லோரையும் உலுக்கியது. அதன் பிறகு, வெளிமாவட்ட வண்டிகள் கல்லட்டி வழியாக இறங்கக்கூடாது என்று போலீசார் தடை போட்டார்கள். ஏறுவதற்குத் தடை இல்லை.

ஏறலாம், இறங்கக்கூடாது. ஏன்? கடைசியில் பார்ப்போம். முதலில் ஊட்டியில் இருந்து கிளம்புவோம்.

காலை 7 மணி: தலைகுந்தா

ஊட்டியில் இருந்து கூடலூர் ரோட்டில் 8, 9 கிலோ மீட்டர் போனால் தலைகுந்தா. வட்டத்தின் முடிச்சு இதுதான். இங்கேதான் ரோடு இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் பைக்காரா, கூடலூர். வலது பக்கம் திரும்பினால் கல்லட்டி, மசினகுடி.

"மசினகுடிக்குக் குறுக்கு வழிண்ணே, ஒரு மணி நேரத்துல போயிடலாம்" என்று யாராவது வலது பக்கம் கையைக் காட்டுவார்கள். செல்போன் வரைபடமும் அதையே காட்டலாம். காதில் வாங்காதீர்கள். நேரே விடுங்கள் வண்டியை.

டிசம்பர், ஜனவரி மாதம் என்றால் தலைகுந்தாவில் புல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். உறைபனி! வெயில் ஏற ஏறக் கரைந்துவிடும். பக்கத்திலேயே காமராஜ் சாகர் அணை. ரோட்டோரம் பைன் மரக்காடு.

கொஞ்ச தூரத்தில் சூட்டிங் மேடு. பெயர் வந்த காரணத்தைச் சொல்லவேண்டியது இல்லை. மெத்தை விரித்ததுபோல் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. எத்தனையோ கதாநாயகனும் கதாநாயகியும் இங்கேதான் ஓடிப்பிடித்து ஆடினார்கள்.

இந்தப் புல்வெளியை வெறும் புல் என்று நினைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடையில் விடுவது இந்தப் புல்லும், பள்ளங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோலைக் காடும்தான். தோடர் இன மக்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த பூமி இது. அவர்கள் குடியிருப்புக்கு மந்து என்று பெயர்.

கோவை மில்களை ஓடவைத்த பைக்காரா

ஊட்டியில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டரில் பைக்காரா. ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் அருவி. தண்ணீர் படிப்படியாக இறங்கி ஓடும்.

படகில் போகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பைக்காரா தண்ணீரில் 1932-ம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் கோவைக்குப் போனது. கோவையில் நூற்பு மில்கள் வரிசையாக முளைத்ததற்குப் பைக்காரா மின்சாரம் ஒரு முக்கிய காரணம்.

அந்தப் பழைய மின்நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? மலைக்குக் கீழே, மசினகுடி பக்கம் சிங்காராவில். மலை உச்சியில் இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் சுமார் 3,000 அடி கீழே பாய்கிறது.

இந்த 3,000 அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் உங்கள் வண்டி ஏறப்போகும் மலைச்சுவரும் அந்தப் பக்கம்தான்.

நடுவட்டம்: கைதிகள் வளர்த்த மருந்து

பைக்காரா தாண்டி நடுவட்டம். இரண்டு பக்கமும் தேயிலை.

தேயிலைக்கு முன்பு இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சின்கோனா மரம். இந்த மரத்தின் பட்டையில் இருந்துதான் மலேரியா காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து எடுத்தார்கள். 1860-களில் வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் இதை நட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே? மலாய் நாட்டுப் பக்கம் இருந்து சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த ஜெயில் கட்டிடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது.

எங்கேயோ பிறந்தவன், எங்கேயோ பிடிபட்டு, இந்தக் குளிரில் வந்து மரம் நட்டிருக்கிறான். நம் ஊர்க் காய்ச்சலுக்கு அவன் கைபட்ட மருந்து!

தேயிலையிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் பின்னாளில் டான்டீ ஆனது. இந்த ரோட்டில் நீங்கள் போட்டோ எடுக்கிற பச்சைப் பசேல் சரிவுகளில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

கூடலூர்: 3 மாநிலச் சந்தி

நடுவட்டத்துக்குக் கீழே ரோடு வளைந்து வளைந்து இறங்கும். இங்கேயும் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனால் ரோடு அகலம், சரிவு தாராளம். ஊட்டி - கூடலூர் சுமார் 50 கிலோ மீட்டர். அந்த 50 கிலோ மீட்டரில் நிதானமாக 1,000 மீட்டருக்கு மேல் இறக்கிவிடுகிறது.

வழியில் ஊசிமலைக் காட்சி முனை. தவளை போல் உட்கார்ந்திருக்கும் மலையைப் பார்க்கவும் ஒரு இடம் உண்டு. மேகம் இல்லாவிட்டால் முதுமலைக் காடு முழுவதும் காலடியில் விரியும். மேகம் இருந்தால் எதிரே நிற்கிற ஆள்கூடத் தெரியாது. அது உங்கள் அதிர்ஷ்டம்.

கூடலூர் வந்தால் குளிர் போய்விடும். சுவெட்டரைக் கழற்றிவிடலாம். இங்கிருந்து ஒரு ரோடு மைசூருக்கு, ஒரு ரோடு நிலம்பூருக்கு, இன்னொன்று சுல்தான் பத்தேரிக்கு. கடைத்தெருவில் நின்றால் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் காதில் விழும். மதியச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது காடு.

ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூடலூர்ப் பக்கம் மழை பிய்த்து உதறும். மண் சரிவதும் உண்டு. அந்த நேரம் இந்தச் சுற்றை ஒத்திப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

யானை பார்க்கலாம், யானையோடு விளையாடக் கூடாது

கூடலூரில் இருந்து மைசூர் ரோட்டில் முதுமலைக் காட்டுக்குள் போனால் தெப்பக்காடு. 1940-ல் சரணாலயம் ஆன காடு, 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. மாயாற்றங்கரையில் யானை முகாம். ஆஸ்கார் வாங்கிய யானைப் படத்தை மறந்திருக்கமாட்டீர்கள். 2023-ல் உலகமே பார்த்த பொம்மன், பெள்ளி தம்பதி குட்டி யானை வளர்த்தது இந்த முகாமில்தான்.

யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைக் காலையிலும் மாலையிலும் பார்க்கலாம். மாலைக்காட்சிக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்தால், கல்லட்டி ஏறுவதற்குள் இருட்டிவிடும். வட்டம் சுற்றுகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

தெப்பக்காட்டில் நேரே போகாமல் வலது பக்கம் திரும்பினால் 7 கிலோ மீட்டரில் மசினகுடி. இங்கே ஒரு அதிசயம் பாருங்கள். கூடலூரில் மழைக்காடு. இங்கே முள்ளும் கருவேலமும். மேற்கே இருந்து வரும் மழையை மலை மறித்துக்கொள்வதால் இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. காலையில் உறைபனியில் நடுங்கியவர் மதியம் கைக்குட்டையால் வேர்வை துடைப்பார்!

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு யானைகள் போகும் வழி இது. இந்த வழித்தடத்தில் இருந்த சொகுசு விடுதிகள் மீதான வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "யானை வழி யானைக்கே" என்கிற வகையில் 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

அடுத்த 3 மாதத்தில் நடந்தது ஒரு கொடுமை. விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். தலையில் தீ பற்ற யானை அலறி ஓடியது. 2021 ஜனவரியில் அது செத்தது. அந்தப் படத்தைப் பார்த்து நாடே கண்கலங்கியது. ஆட்கள் கைது செய்யப்பட்டார்கள்.

ஆகவே காட்டு ரோட்டில் இறங்காதீர்கள். ஆரன் அடிக்காதீர்கள். செல்பி வேண்டாம். மானுக்கும் குரங்குக்கும் பிஸ்கட் போடாதீர்கள். வனத்துறை பிடித்தால் அபராதம். யானை பிடித்தால் அபராதம் கட்டக்கூட ஆள் இருக்காது.

பிற்பகல் 3 மணி: கல்லட்டி

மசினகுடியில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் மாவனல்லா, வாழைத்தோட்டம். எதிரே நீலமலை சுவர் எழுப்பினதுபோல் நிற்கும். "இதுலயா ஏறப்போறோம்?" என்று கேட்காத ஆள் இல்லை.

36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. முதல் கியர், இரண்டாவது கியர். இதற்கு மேல் வேலை இல்லை. ஒரு வளைவு முடிந்து ஸ்டியரிங்கை நேராக்குமுன் அடுத்த வளைவு வந்துவிடும். திரும்பிப் பார்த்தால் மசினகுடிச் சமவெளி தட்டில் வைத்ததுபோல் கீழே கிடக்கும். ஏற ஏறக் காற்று குளிரும். முள்காடு போய் யூகலிப்டஸ் வாசம் வரும். வழியில் கல்லட்டி அருவி.

ஏறுகிறபோது பயம் இல்லை. காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்தால் வண்டி தானாக வேகம் குறையும். இழுக்க முடியாவிட்டால் என்ஜின் முனகி நின்றுவிடும். பிரேக்கைப் போட்டு, கை பிரேக்கை இழுத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம். மலையே உங்களுக்குப் பிரேக்!

இறங்குகிறபோது கணக்குத் தலைகீழ்.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

கூடலூர்ப் பக்கம் 50 கிலோ மீட்டரில் இறக்குகிற உயரத்தைக் கல்லட்டிப் பக்கம் தலைகுந்தாவில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டருக்குள் இறக்குகிறார்கள். அதிலும் வளைவுகள் எல்லாம் ஒரே பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. தண்ணீர் குழாயில் பாய்கிற மலையில் நாம் காரில் இறங்குகிறோம்.

சமவெளி டிரைவர் என்ன செய்வார்? மூன்றாவது கியரில் விடுவார். சில பேர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலிலேயே விடுவார்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிப்பார்.

பிரேக் என்பது உரசல். உரசினால் சூடு. சக்கரத்தில் புகை வரும், கருகின வாசம் வரும். சூடு ஏற ஏறப் பிரேக் கட்டையின் பிடிப்பு குறையும். அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி சேர்ந்துவிடும். அப்போது பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி கால் உள்ளே போகும். வண்டி நிற்காது.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் மோசம். என்ஜின் ஓடவில்லை என்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி நின்றுபோகும். ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

மலை டிரைவர்களின் பாடம் ஒரே வரிதான். "எந்த கியர்ல ஏறுமோ, அந்த கியர்லயே இறக்கு!" முதல் கியரோ இரண்டாவது கியரோ போட்டுவிட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடலாம். கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் கார் என்றாலும், தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்கும் வசதி அதில் உண்டு. டி-யில் போட்டபடியே இறங்கினால் ஆபத்து.

கல்லட்டிக்கு மட்டுமா இந்தப் பாடம்? காலையில் கூடலூர் இறங்கும்போதும் இதேதான். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் இதேதான்.

புறப்படும் முன்...

* இ-பாஸ்: ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போகும் வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி, ஞாயிறில் 8,000 வண்டி என்று கட்டுப்பாடும் போட்டார்கள். கிளம்பும் முன் நிலவரம் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

* கல்லட்டி தடை: மழை, மண்சரிவு, விழாக் கூட்டத்துக்குத் தகுந்தபடி போலீசார் மாற்றுவது உண்டு. அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்வது நல்லது.

* ஏறுகிற வண்டிக்கு வழி: மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவில் முந்தாதீர்கள்.

* இருட்டுக்கு முன்: தலைகுந்தாவை மாலை 5 மணிக்குள் பிடித்துவிடுங்கள். பந்திப்பூர் காட்டு ரோட்டில் 2009 முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. மைசூர்ப் பக்கம் போகிறவர்களும் கவனிக்கவும்.

* பிளாஸ்டிக்: நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாட்டிலும் இதில் சேர்த்திதான். வீட்டில் இருந்தே கூஜாவில் எடுத்துப்போங்கள்.

* கார் இல்லையா? கவலை வேண்டாம். ஊட்டி - கூடலூர் பஸ், கூடலூர் - மசினகுடி பஸ், மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு அரசு மினி பஸ். நேரம் கேட்டுவைத்துக்கொண்டால் டிக்கெட் காசில் வட்டம் முடிந்துவிடும். தினம் தினம் அந்த 36 வளைவில் ஏறி இறங்குகிற டிரைவர் கையில் ஸ்டியரிங் இருக்கும். முன் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள்!

லாட்ஜில் சொல்லிவிட்டுப் போங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. காலையில் அறையைப் பூட்டிச் சாவி கொடுக்கும்போது, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வண்டி நம்பர் என்ன என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஊரில் இருக்கிற வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். காட்டுக்குள் பல இடத்தில் செல்போன் எடுக்காது. 108-க்கு நீங்களே போன் போட முடியும் என்று நம்பிவிடாதீர்கள்.

"எங்கே போறீங்க, எப்போ வருவீங்கன்னு எவன்கிட்டயாவது சொல்லணுமா?" என்று கோபப்பட வேண்டாம். 2018-ல் பள்ளத்தில் கிடந்த 2 பேரும் 2 நாள் காத்திருந்தார்கள். யாராவது தேடி வருவார்கள் என்றுதான்.